ஹாஸ்யம் என்னும் இருவர் தொழில்

தமிழில் பேசும் படம் பிறந்த 1931-ஆம் ஆண்டை அடுத்து ஏறக்குறைய அறுபது ஆண்டுக்காலம், படத்தின் மூலக்கதையும் அதனூடே வரும் ஹாஸ்யப் பகுதியும், ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி அடுப்பு மூட்டிக்கொண்ட இரண்டு குடித்தனங்களைப் போல வாழ்ந்து வந்தன. கதாநாயகனுக்கு வசனம் எழுதுபவர் ஒருவராக இருப்பார். ஹாஸ்ய நடிகருக்கு எழுதுபவர் பெரும்பாலும் அந்த நடிகராகவோ, அவருடைய குழுவைச் சேர்ந்த மற்றொருவராகவோ இருப்பார். மூலக்கதையில் கணவனால் கைவிடப்பட்ட உத்தமி கண்ணீர் வடித்துக்கொண்டிருக்க, அடுத்த காட்சியில் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடுவார்கள். முன்னதற்கும் பின்னதற்கும் சம்பந்தம் என்ன என்று பார்த்தவர்கள் கேட்டதில்லை. எடுத்தவர்களும் அதைக் குறித்துக் கவலைப்பட்டதில்லை. சிரிப்புக்கு இடமில்லாத படம் வெளியூர்க் கொட்டகைகளில் ஓடாது என்ற வியாபார பயமே அப்பகுதியைச் சேர்ப்பதற்குப் போதுமான காரணமாக இருந்தது.

இப்படி ஒட்டுப் போட்டுச் சேர்க்கப்பட்ட பகுதியே நிலைத்து நின்று, அதற்கு ஆதாரமாக இருந்த மூலக்கதை மறக்கப்பட்டுவிட்டது என்பது தமிழ்த் திரைப்பட சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. 1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக டைரக்ட் செய்த 'கல்யாண பரிசு', அக்கா தங்கை இருவரும் ஒருவனையே நேசித்துத் துயரத்தில் முடியும் கதை. ஜனங்கள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு பார்த்த படம் அது. இன்று அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் தோன்றுவது புன்னகை. இல்லாத உத்தியோகத்தை இருப்பதாகச் சொல்லி மனைவியை ஏமாற்றிவந்த தங்கவேலுவும், அவர் அளந்த 'மன்னார் அண்ட் கம்பெனி'யும், எழுத்தாளர் பைரவன் என்று அவர் போட்ட வேஷமுமே நினைவுக்கு வருகின்றன. காதலின் கண்ணீர் உலர்ந்துவிட்டது. பொய்யனின் தவிப்பு மட்டும் இன்றும் ஈரம் காயாமல் இருக்கிறது.

இதற்குக் காரணம் சொல்ல முற்படுவோர், அக்காலத்து ஹாஸ்யம் ஆபாசமற்றது என்பர். கவலை மிகுந்த வாழ்க்கையில் சிரிப்பு ஒரு மருந்து என்பர். இரண்டும் உண்மையே என்றாலும், ஆபாசமற்ற ஹாஸ்யப் பகுதிகள் நூற்றுக்கணக்கில் எடுக்கப்பட்டு மறக்கப்பட்டும் இருக்கின்றன. ஆகவே அவற்றுள் சில மட்டும் நிலைத்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நம் நாட்டு ஹாஸ்யம் தொன்றுதொட்டு இருவர் கூடி நடத்திய தொழில் என்பதும், சிரிக்கப் பேசுகிறவனுக்கு எதிரே நின்று அதைக் கேட்கிறவன் தன் பங்கைக் குறைவறச் செய்த இடங்களே காலத்தைக் கடந்து நிற்கின்றன என்பதும் நம் கருத்து.

இத்தொழிலின் வேர் மிகப் பழையது. மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களங்களில் பிறக்கும் என்று வகுத்தார். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில், பிறரை நகைக்கச் செய்வதையே தொழிலாகக் கொண்ட நகைவேழம்பருக்கு இருக்கை தனியாக இருந்தது. தெருக்கூத்தில் வேஷக்காரர்கள் வருமுன்பே கட்டியக்காரன் வந்துவிடுவான். கிரீடமும் புஜகீர்த்தியுமாக வந்து நிற்கும் துரியோதனனை, 'தாங்கள் யார்? எந்த ஊர்?' என்ற பாவனையில் விசாரித்து, ராஜா செந்தமிழில் விடை சொல்லச் சொல்ல, அதை ஊர்ப் பேச்சில் திரித்து ஜனங்களுக்கு விளக்குவான். ராஜாவின் கம்பீரமும் கட்டியக்காரனின் குறும்பும் எதிரெதிரே நிற்பதாலேயே அங்கே சிரிப்பு பிறக்கிறது. இருவரில் ஒருவரை விலக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் பிரசங்கமாகவோ வெறும் கூத்தாகவோ முடியும். தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் வழங்கும் வில்லுப்பாட்டிலும், வில்லடித்துக் கதை சொல்லும் தலைவருக்குப் பக்கத்தில் குடமும் உடுக்கையும் ஜால்ராவும் வாசிப்போர், 'ஆமாம்' போட்டும் குறுக்குக் கேள்வி கேட்டும் கதையை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். பின்னால் வந்த ஸ்பெஷல் நாடகத்தில், இந்தப் பங்கைப் பபூனும் அவனுக்கு ஜோடியாக ஆடும் நடனக்காரியும் ஏற்றுக்கொண்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய பாய்ஸ் கம்பெனிகள் இந்தப் பரம்பரையை ஒழுங்கான அப்பியாசமாக மாற்றின. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ஏற்படுத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அங்கே பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பின்னர் நடத்திய சபையும், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் சிறு பையன்களைச் சேர்த்துக்கொண்டு, பாட்டு, வசனம், நடை, விழுதல், எழுதல் எல்லாவற்றையும் கண்டிப்போடு போதித்தன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் கேட்க வேண்டும்; கேட்காவிட்டாலும் உடம்பைப் பார்த்தாவது பொருள் விளங்க வேண்டும். சிரிப்பு எழும்பும்போது அடுத்த வசனத்தை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது என்பதும், எதிரே நிற்பவன் அவ்விடைவெளியில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதும், புத்தகத்தில் எழுதி வைக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. ஊர் ஊராகச் சென்று இரவு தோறும் ஜனங்கள் முன்னிலையில் நின்றே அவற்றைக் கற்க வேண்டியிருந்தது. பிற்காலத்துத் திரைப்பட ஹாஸ்ய நடிகர்களுள் முன்னணியில் நின்றவர் பலரும் இந்தக் கொட்டகைகளில் புடம் போடப்பட்டவர்களே.

மேடையில் இந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், கூடாரக் கொட்டகைகளின் வாயிலாக மற்றொரு சிரிப்பும் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டத் தொடங்கிய பிறகு, மௌனப் படம் என்பது பட்டணத்து மனிதருக்கு மட்டும் உரிய அதிசயமாக இல்லாமற் போயிற்று. 1914-இல் திரையில் தோன்றிய சார்லி சாப்ளின், பாஷையே இல்லாமல், தொப்பியாலும் தடியாலும் நடையாலும் உலகத்தைச் சிரிக்க வைத்தார். அந்த மேல்நாட்டு அடிதடி ஹாஸ்யத்திலும் நாம் சொல்லும் விதியே நடைபெற்றது என்பது கவனிக்கத்தக்கது. லாரல், ஹார்டி என்ற இரட்டையரில் காரியத்தைக் கெடுப்பவர் ஒல்லியான லாரல். ஆனால் ரஸிகர்களின் சிரிப்பு வெடிப்பது, தலைமேல் எல்லாம் கொட்டிய பிறகு பருத்த ஹார்டி காமிராவை நோக்கிப் பொறுமையோடு பார்க்கும் அந்தப் பார்வையில். பேச்சுச் சிலேடையில் ஈடற்றவரான கிரௌச்சோ மார்க்ஸுக்கு எதிரே, அவர் சொல்லும் அவமரியாதைகள் எதுவும் புரியாதவர் போல் சீமாட்டியின் கம்பீரம் குலையாமல் நின்ற மார்கரெட் டூமான்ட் இல்லையென்றால், அந்தப் பேச்சில் பாதி வீணாகப் போயிருக்கும்.

இந்த இரண்டு பரம்பரைகளும் கலந்த இடத்தில் தோன்றியவர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவரான அவர், அவர்கள் நடித்த 'மேனகா'வில் 1935-ஆம் ஆண்டு திரையில் தோன்றினார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'சதி லீலாவதி', தமிழ் தெரியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரால் டைரக்ட் செய்யப்பட்டது. எஸ்.எஸ். வாசனின் கதையை ஆதாரமாகக் கொண்ட அப்படம், எம்.ஜி. ராமச்சந்திரனின் முதற்படம் என்பதற்காகவே இன்று பேசப்படுகிறது. எனினும் நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது, என்.எஸ். கிருஷ்ணனோடு, வில்லனாக டி.எஸ். பாலையாவும் சிறு வேஷத்தில் கே.ஏ. தங்கவேலுவும் அதே படத்தில் இருந்தார்கள் என்பதாகும். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டைச் சிரிக்க வைக்கப் போகிறவர்களுள் மூவர் அந்த ஒரு படத்தில் ஒன்றுகூடியிருந்தார்கள்.

அதே 1936-இல் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனா சென்றபோது டி.ஏ. மதுரத்தைச் சந்தித்து, அவரை வாழ்க்கையிலும் ஜோடியாக்கிக்கொண்ட கிருஷ்ணன், ஹாஸ்யப் பகுதியைத் தனித் தொழிலாகவே அமைத்துவிட்டார். தமக்கென ஒரு குழுவை வைத்துக்கொண்டு, கதையும் பாட்டும் வசனமும் தாமே வகுத்து, படமுதலாளிக்கு முழுமையான பகுதியாக எடுத்துக் கொடுத்தார். அந்தப் பகுதிகளை இன்று பார்ப்பவர், கிருஷ்ணன் பேசும் சாமர்த்தியத்தை மட்டும் வியந்துவிட்டு நின்றுவிடலாகாது. கணவன் அளக்கும் வீண்பெருமையைக் கேட்டுக்கொண்டு, முதலில் நம்புவது போலவும் பிறகு சந்தேகிப்பது போலவும் பாவனை காட்டி, தக்க சமயத்தில் ஒரே கேள்வியால் அவனைக் கவிழ்த்துவிடும் மதுரத்தின் பங்கை நீக்கிப் பார்த்தால், கிருஷ்ணனின் பேச்சு உபதேசமாகவே நின்றுபோயிருக்கும். ஆண் பேசப் பெண் கேட்டுத் தலையாட்டுவதே தர்மம் என்று மூலக்கதை போதித்துக்கொண்டிருந்த அதே படத்துக்குள், பெண் கேட்டு ஆண் விழிக்கும் காட்சியை அவர்கள் நடத்தினார்கள்.

1944-ஆம் ஆண்டின் இறுதியில் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கைதாகி, தண்டனை பெற்று, 1947 ஏப்ரலில் விடுதலையாகி வந்த கிருஷ்ணன், அதன்பின் தம் கலையின் உச்சியைத் தொட்டார் என்றே சொல்ல வேண்டும். அண்ணாதுரையின் கதையான 1949-ஆம் ஆண்டின் 'நல்லதம்பி'யில், நந்தனார் சரித்திரக் காலக்ஷேபத்தின் மெட்டையும் முறையையும் அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனாரின் இடத்தில் படிப்புக்கு ஏங்கும் 'கிந்தன்' என்ற ஹரிஜனப் பையனை நிறுத்தி, ரயில் பயணத்தை யாத்திரையாக்கிய அந்தக் காலக்ஷேபம், சிலேடையும் பரிகாசமும் சமூக சீர்திருத்தமும் ஒன்றாகக் கலந்த உயர்ந்த சிருஷ்டி. காலக்ஷேபம் செய்பவர் சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் ஏற்று இசைக்க, இடையிடையே கேள்வி எழுப்ப, வில்லுப்பாட்டின் 'ஆமாம்' அங்கே புது வேஷம் தரித்துக்கொண்டு வந்துவிட்டது.

இதற்கு முன்பே, ஹாஸ்யத்தைப் படத்தின் ஓரத்திலிருந்து நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து உட்கார்த்திய பெருமை 1941-இல் வெளியான 'சபாபதி'க்கு உரியது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியாரின் பிரஹசனத்தை, ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் படமாக்கினார்கள். பரீட்சையில் தேறாத ஜமீன்தார்ப் பிள்ளை ஒருவன். அவனுக்கு வேலைக்காரன் ஒருவன். இருவருக்கும் பெயர் சபாபதி. எஜமானனாக டி.ஆர். ராமச்சந்திரனும், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். 'கோவலன்' நாடகத்தில் காளி வேஷம் கட்டிப் பெயர்பெற்ற ரத்தினம், ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு ஆசிரியராக இருந்தவர். வேலைக்காரனாக நடித்த மனிதர் உண்மையில் தொழிலுக்கே உபாத்தியாயர் என்பது இதன் ரஸமான அம்சம்.

'சபாபதி'யின் ஹாஸ்யம் முழுவதும் ஓர் எளிய அஸ்திவாரத்தின் மீது கட்டப்பட்டது: எஜமானன் பேச்சு வழக்கில் ஒன்றைச் சொல்கிறான், வேலைக்காரன் அதன் எழுத்துப் பொருளை எள்ளளவும் பிசகாமல் நிறைவேற்றுகிறான். அடிமைக்குரிய பரிபூரணமான கீழ்ப்படிதலே எஜமானனுக்குப் பரிபூரணமான சங்கடமாக முடிகிறது. வேலைக்காரன் உண்மையில் மூடனா, அல்லது மூடனாக இருப்பதுதான் தன் ஸ்தானத்தில் உள்ளவனுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே எதிர்ப்பு என்று தெரிந்துகொண்டவனா என்பதை ரத்தினத்தின் முகம் கடைசிவரை சொல்வதில்லை. ராமச்சந்திரனோ, அந்த உருட்டு விழிகளை அகல விரித்து, கோபிக்கவும் தெரியாமல், தான் சொன்னதில் என்ன தவறு என்று விளங்கவும் விளங்காமல் திகைத்து நிற்கிறார். எஜமானன் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் வேலைக்காரன் உதைபட்டிருப்பான். கதை அத்தோடு முடிந்திருக்கும். இருவரும் ஒரே பெயருடைய இரண்டு பேதைகளாக இருப்பதாலேயே சிரிப்பில் கசப்பு சேரவில்லை.

ஜோடியில்லாமல் தனித்து நின்றும் சிரிக்க வைக்க முடியும் என்று காட்டியவர் தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபு. மேல்நாட்டு நடனமும், தொண்டையைப் புரட்டிப் பாடும் மலைநாட்டுப் பாட்டு முறையும், எலும்பே இல்லாதவர் போல் விழுந்து எழும் தேகமும் அவருக்கு வாய்த்திருந்தன. ஆயினும் அவருடைய படங்களுள் இன்றும் விரும்பிப் பார்க்கப்படும் 1958-ஆம் ஆண்டின் 'சபாஷ் மீனா'வில், சிவாஜி கணேசன் பக்கத்தில் நிற்பதோடு, சந்திரபாபு இரட்டை வேஷம் பூண்டு தமக்குத் தாமே ஜோடியாகவும் ஆகிவிட்டார் என்பதை நோக்கும்போது, இந்தத் தொழில் துணையைத் தேடிக்கொண்டே இருக்கும் இயல்புடையது என்று தோன்றுகிறது. ஆள்மாறாட்டத்தைக் கருவாகக் கொண்ட அந்தக் கதையின் சாயலில், 1996-இல் 'உள்ளத்தை அள்ளித்தா' வந்து வெற்றி பெற்றதும் இங்கே நினைக்கத்தக்கது.

கே.ஏ. தங்கவேலுவின் வழி வேறு. அவர் விழுவதில்லை, ஓடுவதில்லை, நாவின் நெளிவு சுளிவிலேயே சகல சேஷ்டைகளையும் செய்துவிடுவார். 1963-இல் வந்த 'அறிவாளி'யில் முத்துலட்சுமிக்குப் பூரி செய்யக் கற்றுக்கொடுக்கும் காட்சியில் அவரே கேட்பவராக மாறிவிடுகிறார். ஒவ்வொரு படியையும் சொல்லச் சொல்ல, அது தனக்கு முன்பே தெரியும் என்று மனைவி இடைமறித்துக்கொண்டே இருக்க, தங்கவேலுவின் பொறுமை அணு அணுவாகத் தேய்வதுதான் அக்காட்சி முழுவதும். கதை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் எந்த அடுக்களையிலும் நடந்திருக்கக்கூடிய சம்பாஷணை அது. ஆகையால், அறுபது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கும் அதில் பழமை தெரிவதில்லை.

இந்த இருவர் தொழிலின் சிகரம் எது என்று கேட்டால், 1964-இல் ஸ்ரீதர், சித்ராலயா கோபுவின் ஒத்துழைப்போடு எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியையே பலரும் சுட்டுவார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு சபா நாடகங்களில் நடித்துப் பெயரெடுத்த நாகேஷ், அதில் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்ற பெயரில் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா. தகப்பனார் விசுவநாதனாக வருபவர், 'சதி லீலாவதி'யில் வில்லனாக நுழைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்த பாலையா. பணம் போடுவதற்கு முன் கதையைச் சொல் என்கிறார் தகப்பனார். மகன் பேய்க்கதை ஒன்றை, கதவு கிறீச்சிடுவதையும் காலடி ஓசையையும் வாயாலேயே உண்டாக்கிக்கொண்டு சொல்லத் தொடங்குகிறான். கதையில் கதை எதுவும் கிடையாது. ஆனால் பாலையாவின் முகத்தில் ஒரு முழு நாடகம் நடக்கிறது. முதலில் பணக்காரனின் அலட்சியம். பிறகு, ஒருவேளை விஷயம் இருக்குமோ என்ற ஆவல். பிறகு, வெளியே காட்டிக்கொள்ள விரும்பாத நடுக்கம். கடைசியில், எஸ்டேட் முதலாளி, தகப்பன் என்ற மரியாதைகளெல்லாம் கழன்றுபோய், பாட்டியிடம் கதை கேட்கும் குழந்தையின் அப்பட்டமான பயம். நாகேஷ் கையையும் காலையும் வீசி உழைக்கிறார். பாலையா நாற்காலியை விட்டு எழாமலே அந்த உழைப்பு முழுவதையும் பலனாக மாற்றித் தருகிறார். வில்லனாகவும் குணசித்திர நடிகராகவும் பல ஆண்டுகள் பழகிய முகமே அந்தக் காரியத்தைச் செய்ய வல்லது. படம் தெலுங்கிலும், 1966-இல் 'ப்யார் கியே ஜா' என்ற பெயரில் ஹிந்தியிலும் எடுக்கப்பட்டபோது, பிற பாஷைக்காரர்களும் இந்தக் காட்சியை விட்டுவிட மனம் வராமல், அங்கே மெஹ்மூதையும் ஓம் பிரகாஷையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள்.

1965-இல் வந்த ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்', இந்த முறையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டியது. பொற்கிழிக்கு ஆசைப்பட்ட ஏழைத் தருமியாக நாகேஷும், புலவர் வேஷத்தில் வந்த சொக்கநாதராகச் சிவாஜி கணேசனும் எதிர்ப்படும் இடத்தில், கோமாளியே கேள்வி கேட்கிறான். கடவுள் விடை சொல்கிறார். பரிசுக்குரிய பாட்டு பிறர் இயற்றியது என்ற குற்றவுணர்ச்சியும், பசியும், கேட்டுக்கொண்டே போனால் எதிரே நிற்பவரைத் திணற அடித்துவிடலாம் என்ற அற்ப நம்பிக்கையும் ஒரே உடம்பில் நெளிவதை நாகேஷ் காட்டுகிறார். கடவுளாக நிற்பவர் தம் கம்பீரத்தில் ஓர் இம்மியும் குறைத்துக்கொள்ளாமல் சுருக்கமாக விடையளிப்பதால், அந்த நெளிவு நூறு மடங்காகத் தெரிகிறது. துரியோதனனுக்கு எதிரே நின்ற கட்டியக்காரனை இங்கே மீண்டும் காண்கிறோம்.

பழையவை அனைத்தும் நல்லவை என்று சாதிப்பது நம் நோக்கமன்று. அக்காலத்து ஹாஸ்யத்தில் கறுப்பு நிறத்தையும், திக்குவாயையும், காது கேளாமையையும், பருத்த உடம்பையும், பிற்பட்டவர் பேச்சையும் ஏளனம் செய்து சுலபமாகச் சிரிப்பைத் திரட்டிக்கொண்ட பகுதிகள் ஏராளம். இன்று பார்த்தால் அவற்றுக்குச் சிரிப்பு வருவதில்லை, கூச்சமே உண்டாகிறது. தொல்காப்பியர் சொன்ன நான்கனுள் எள்ளல் காலத்துக்குக் காலம் மாறும் சரக்கு. இன்று எள்ளப்படுபவன் நாளை எதிரே எழுந்து நின்று கேள்வி கேட்பான். பேதைமையும் மடமும் அப்படி மாறுவதில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் மனிதனும், சொன்னதைச் சொன்னபடியே செய்யும் மனிதனும் எந்தத் தலைமுறையிலும் குறைவின்றி இருப்பார்கள். ஏளனம் செய்யப்படுபவனுக்கு விடை சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் ஹாஸ்யம் ஒருவர் தொழிலாகக் குறுகிவிடுகிறது. அழுகிப்போன பகுதிகள் பெரும்பாலும் அவ்வகையினவே.

பிற்காலத்தில் கவுண்டமணியும் செந்திலும் இந்தத் தொழிலை ஏற்றபோது, எஜமானன் சபாபதியும் வேலைக்காரன் சபாபதியும் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து வந்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கு எப்படி எரிகிறது என்று அறிய விரும்பிய சிஷ்யன் அதன் மேண்டிலைத் தொட்டு நசுக்கிவிடுகிறான். அறிவு தாகமே குற்றமாக முடிகிறது. 1989-ஆம் ஆண்டின் 'கரகாட்டக்கார'னில், வாங்கி வரச் சொன்ன இரண்டு வாழைப்பழங்களில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் நீட்டி, மற்றது எங்கே என்று கேட்டால், நீட்டிய பழமே அந்த மற்றது என்று சாதிக்கும் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன். தர்க்க சாஸ்திரம் படித்தவர் அதில் குற்றம் கண்டுபிடிப்பது கடினம். இரண்டில் எதைச் சுட்டினாலும் அது மற்றொன்றுக்கு மற்றதுதானே! கோபத்தால் துடித்துத் துடித்து அதே கேள்வியை வெவ்வேறு ஸ்தாயியில் கேட்கும் கவுண்டமணியும், நியாயம் தன் பக்கம் இருப்பவன் போல் ஒரே விடையை அசையாமல் சொல்லும் செந்திலும், அவரவர் இடத்தில் பாதியாகவே நின்று முழுமையை உண்டாக்கினார்கள்.

மேடையிலிருந்து வந்த கிரேஸி மோகன் வசனம் எழுத, சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்ட் செய்த 1990-ஆம் ஆண்டின் 'மைக்கேல் மதன காமராஜன்', சிலேடையையும் அடிதடியையும் ஒரே படத்தில் இறுகப் பின்னியது. அதன் முடிவில், மலை விளிம்பில் ஊஞ்சலாடும் வீட்டுக்குள் அத்தனை பேரும் உருண்டு புரளும் காட்சி, 1925-இல் சாப்ளின் எடுத்த 'தங்க வேட்டை'யின் பனிமலைக் குடிசைக்குச் செய்த வணக்கம் என்பது பார்த்த உடனே தெரியும். மௌனப் படக் காலத்து விழுதல் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தமிழ்ச் சிலேடையோடு அங்கே கைகோத்தது. பார்த்த ஜனங்கள் இரண்டையும் தமக்குரியதாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு ஹாஸ்யக் காட்சியை ஒருவர் பத்தாவது தடவை பார்க்கும்போது, அடுத்து வரும் சொல் அவருக்கு முன்பே தெரியும். ஆகவே அந்தச் சொல்லுக்காக அவர் காத்திருப்பதில்லை. அது வந்து விழப்போகும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே இருப்பவனுக்கு மட்டும் அது ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கிறது. சொல்லில் மட்டும் சாமர்த்தியம் வைத்த காட்சி ஒரு தடவையோடு தீர்ந்துபோவதற்கும், கேட்பவன் சரியாக அமைந்த காட்சி தலைமுறைகளைக் கடப்பதற்கும் இதைக் காட்டிலும் வேறு விளக்கம் தேவையில்லை.

என்.எஸ். கிருஷ்ணனின் பெயரால் சென்னையில் கலைவாணர் அரங்கம் நிற்கிறது. நாகேஷின் பெயரைச் சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் மதுரமும், ராமச்சந்திரனும், பாலையாவும், முத்துலட்சுமியும் செய்த பங்குக்கு உரிய மதிப்பைத் திரைப்பட சரித்திரம் எழுதியவர்கள் இன்னும் முழுமையாக அளிக்கவில்லை. ஹாஸ்யப் பகுதிகளை எழுதிக் கொடுத்தவர்களில் பலருடைய பெயர் படத்தின் தலைப்பிலேயே இடம்பெறாமல் போய்விட்டது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட எஞ்சாமல் அழிந்துவிட்டதை நாம் அறிவோம். எஞ்சியிருக்கும் பழைய படங்களையேனும் பாதுகாப்பவர்கள், ஹாஸ்யப் பகுதிகளைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்வதோடு நில்லாமல், முழுப் படத்தையும் காப்பாற்றி, அதில் எழுதியவர் பெயரையும், பேசியவர் பெயரையும், எதிரே நின்று கேட்டவர் பெயரையும் சேர்த்தே பதிவு செய்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.